கை, சைக்கிள், மறுபடியும் கை: கே.ஆர். ராமசாமியின் தேர்தல் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் தேர்தல் பேச்சு எழுந்தால், இலையில் பால் பாயசம் விழுவதற்குள் கே.ஆர். ராமசாமியின் பெயர் வந்துவிடும். ஒருவர் ஐந்து முறை ஜெயித்தார் என்பார். எதிர் இலைக்காரர் ஆறு என்பார். மூன்றாமவர் ஏழு என்று அடித்துச் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வாக்குச்சாவடிப் பணிக்குப் பல தேர்தல்களில் போய் வந்தவன். முடிவுகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு. அந்த நோட்டு இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதால் கேள்விகள் நின்றபாடில்லை. ஒரே பதிலை நூறு முறை சொல்வதற்கு ஒரு முறை எழுதி வைப்பது மேல். 1989 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்கள்தான் இங்கே எடுத்துக்கொண்ட காலம்.

கே.ஆர். ராமசாமி யார் சார்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

காங்கிரஸ்காரர். நடுவில் சில ஆண்டுகள் தமிழ் மாநில காங்கிரஸில் (த.மா.கா.) இருந்தார். திருவாடானை தொகுதியிலிருந்து ஐந்து முறையும் காரைக்குடி தொகுதியிலிருந்து ஒரு முறையும் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர்.

சினிமாவில் பாடி நடித்த கே.ஆர். ராமசாமியா? இல்லை, சென்னையில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தாரே, அவரா?

இருவரும் அல்லர். பாடகரும் நடிகருமான கே.ஆர். ராமசாமி 1971-இல் மறைந்தவர். திராவிட இயக்கத்தைச் சேர்ந்தவர். சென்னையில் பேனர்களைக் கிழித்தும் பொதுநல வழக்குகள் போட்டும் பெயர் வாங்கிய 'டிராஃபிக்' ராமசாமியின் முன்னெழுத்தும் கே.ஆர். தான். அவரும் ஒரு தேர்தலில் நின்றார் – 2015 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்து – என்பதால் குழப்பம் இரட்டிப்பு ஆகிறது. அவர் 2021 மே மாதம் காலமானார். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நம் பக்கத்து முன்னாள் எம்.எல்.ஏ. போய்விட்டார் என்று என்னிடம் துக்கம் விசாரித்த பெரியவர் ஒருவர் உண்டு.

முன்னெழுத்து விஷயத்தில் நம் பக்கம் கொஞ்சம் தாராளம்தான். 2016-இல் திருப்பத்தூரில் தி.மு.க. வேட்பாளர் கே.ஆர். பெரியகருப்பன், அ.தி.மு.க. வேட்பாளர் கே.ஆர். அசோகன், பக்கத்துக் காரைக்குடியில் கே.ஆர். ராமசாமி. வெறுமே 'கே.ஆர். ஜெயிச்சுட்டாரா' என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

மொத்தம் எத்தனை முறைதான் ஜெயித்தார்? ஐந்தா, ஆறா, ஏழா?

போட்டியிட்டது ஏழு. வென்றது ஆறு. தோற்றது ஒன்று. மூன்று பேர் மூன்று எண் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஏழு என்பவர் நின்றதையெல்லாம் வென்றதாக எண்ணுகிறார், ஐந்து என்பவர் திருவாடானையை மட்டும் எண்ணிக் காரைக்குடியை விட்டுவிடுகிறார்.

வரிசை இது. திருவாடானையில் 1989, 1991 – காங்கிரஸ், கை சின்னம். அதே தொகுதியில் 1996, 2001 – த.மா.கா., சைக்கிள் சின்னம். 2006-இல் அங்கேயே மறுபடியும் காங்கிரஸ், கை. 2011-இல் காரைக்குடியில் தோல்வி. 2016-இல் காரைக்குடியில் வெற்றி. 2021-இல் அவர் நிற்கவில்லை. இதை மனப்பாடம் செய்துகொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஆறு முறை என்றால் முப்பது வருஷம் சட்டசபையில் இருந்திருக்கிறார், அப்படித்தானே?

இல்லை, ஏறத்தாழ இருபத்தேழு. ஆறை ஐந்தால் பெருக்குகிறவர்கள் 1989 சட்டசபையை மறந்துவிடுகிறார்கள். அந்த ஜனவரியில் பதவிக்கு வந்த கருணாநிதி அரசு 1991 ஜனவரி 30 அன்று கலைக்கப்பட்டது, சட்டசபையும் கலைந்தது. ஆகவே ராமசாமியின் முதல் தவணை இரண்டே ஆண்டுதான். மற்ற ஐந்தும் முழுத் தவணைகள்.

திருவாடானை ராமநாதபுரம் மாவட்டம் ஆயிற்றே. அவரைச் செட்டிநாட்டு எம்.எல்.ஏ. என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. முதலில், செட்டிநாடு என்ற பெயரில் தொகுதி எதுவும் கிடையாது. நகரத்தார் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய தொகுதிகள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. திருவாடானை அந்தப் பட்டியலில் வராது. அங்கே கிழக்கே போகப் போகக் கடல் வந்துவிடும்.

ஆனால் திருமயம் நீங்கலாக, 1985 வரை இவை எல்லாமே பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். சிவகங்கை தனி மாவட்டம் ஆனது அந்த ஆண்டில்தான். அதற்குப் பிறகும் 2008 தொகுதி மறுவரையறை வரை சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம், சிவகங்கை, இளையான்குடி ஆகியவற்றோடு திருவாடானையும் இருந்தது. ஒரே எம்.பி., ஒரே கட்சி வட்டாரம், ஒரே சந்தைப் பேச்சு. மறுவரையறையில்தான் திருவாடானை ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குப் போனது. இளையான்குடி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. எனவே காரைக்குடிக்கு வந்த ராமசாமி அயலூர்க்காரர் அல்லர், ஆனால் புதியவர். இந்த வேறுபாடு 2011 பற்றிய கேள்விக்கு வரும்போது உதவும்.

கை சின்னத்தில் ஜெயித்தவர் திடீரென்று சைக்கிள் ஏறினாரே, அது கட்சித் தாவல் இல்லையா?

1996-இல் என்ன நடந்தது என்று தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் தலைமை டெல்லியில் முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. மூப்பனார் தலைமையில் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார்கள். நம் கானாடுகாத்தானைச் சேர்ந்த ப. சிதம்பரமும் அப்படிப் போனவர்தான். 1996, 1998 இரண்டிலும் சிவகங்கையில் சைக்கிளில்தான் வென்றார். த.மா.கா. தி.மு.க.வோடு சேர்ந்து 39 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. கை சின்னத்தை வைத்துக்கொண்டிருந்த காங்கிரஸுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தனி ஒருவர் தாவினார் என்பதைவிட வீட்டார் எல்லோருமாகக் கிளம்பிப் பக்கத்துத் தெருவில் குடியேறினார்கள் என்பதே பொருத்தம்.

சட்டப்படியும் அது தாவல் அல்ல. கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியில் இருக்கும் உறுப்பினரைக் கட்டுப்படுத்துவது. அடுத்த தேர்தலில் வேறு கட்சியின் சார்பில் மக்களிடம் போய் வாக்குக் கேட்பதை அது தடுக்காது.

அந்த 1996 தேர்தலில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்று, வெள்ளைச் சீட்டு ஒன்று. என் சாவடியில் ஓர் ஆச்சி இரண்டு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம கட்சி எதில் இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கக் கூடாத ஆள். ஏஜென்டுகள் நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி சிரித்துவிட்டு மறைப்புக்குள் போனார்.

சரி, 2001-இல் த.மா.கா., 2006-இல் காங்கிரஸ். அப்படியானால் அது இரண்டாவது தாவலா?

அதுவும் இல்லை. மூப்பனார் 2001 ஆகஸ்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜி.கே. வாசன் தலைமையில் த.மா.கா. அப்படியே காங்கிரஸில் இணைந்தது. முந்தைய பதிலில் சொன்ன வீட்டார் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

சிதம்பரம் மட்டும் இதில் வேறு வழி போனார். 2001-இல் மூப்பனார் அ.தி.மு.க.வோடு சேர்ந்ததை ஏற்காமல் தனிக் கட்சி தொடங்கினார். ராமசாமி மூப்பனாரோடு நின்றார். அந்தத் தேர்தலில் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் திருவாடானையில் சைக்கிள் வென்றது. காரைக்குடியில் சைக்கிள் 1,651 வாக்கில் பா.ஜ.க.விடம் தோற்றது. காரைக்குடிக் கதை கீழே தனியாக வருகிறது.

வாசன் பிறகு மறுபடியும் த.மா.கா. தொடங்கினாரே, இவர் போகவில்லையா?

போகவில்லை. 2014-இல் வாசன் பிரிந்தபோது இவர் காங்கிரஸிலேயே இருந்துவிட்டார். 2016-இல் காரைக்குடியில் கை சின்னத்தில் நின்றதே சான்று.

எப்போதும் ஜெயிக்கிற கூட்டணி பார்த்து நின்றவர்தானே? அதில் என்ன சாமர்த்தியம்?

இதை அதிகம் கேட்பவர்கள் தி.மு.க., அ.தி.மு.க. நண்பர்கள். பாதிக்கு மேல் உண்மை, முழுவதும் உண்மையில்லை. ஆறில் நான்கு வெற்றிகள் மாநிலத்தில் ஜெயித்த கூட்டணியோடு வந்தவைதான். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய அலை, அ.தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸ் 60 இடம் வென்றது. 1996-இல் தி.மு.க.வோடு. 2001-இல் அ.தி.மு.க.வோடு, த.மா.கா.வுக்கு 23 இடம். 2006-இல் தி.மு.க.வோடு, காங்கிரஸுக்கு 34. கூட்டணி மாறி மாறி வந்ததைக் கவனியுங்கள்: இலை, சூரியன், இலை, சூரியன். ஊர்வலத்தில் தோள் சேர்ந்து நடந்தவரைப் பார்த்து அடுத்த தேர்தலில் கோஷம் போட வேண்டிய தொண்டர்களின் நிலைதான் பரிதாபம்.

மிச்சம் இரண்டு வெற்றிகளை என்ன செய்வது? 1989-இல் காங்கிரஸ் தனித்து நின்றது. எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. உடைந்திருந்த நேரம். உதயசூரியன் ஒரு பக்கம், ஜெயலலிதாவின் சேவல் ஒரு பக்கம், ஜானகி அம்மாளின் இரட்டைப் புறா இன்னொரு பக்கம், நடுவில் கை. தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சியைப் பிடித்த அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதிலும் காங்கிரஸ் வென்றது 26 தான். அந்த 26-இல் ஒன்று திருவாடானை. நான்முனைப் போட்டியில் குறைந்த வாக்கிலும் ஒருவர் வெல்லலாம் என்று சொல்லிக் குறைக்கலாம். ஆனால் அந்த வசதி நான்கு பேருக்கும் சமமாகத்தான் இருந்தது.

அடுத்தது 2016. மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. தி.மு.க. கூட்டணியில் 41 இடங்களில் நின்ற காங்கிரஸ் எட்டில் மட்டும் வென்றது. அந்த எட்டில் ஒன்று காரைக்குடி. என் கணிப்பில் அவர் பெயருக்கு எதிரே அழுத்தமாகக் கோடு போட வேண்டிய வெற்றிகள் முதலாவதும் கடைசியும்தான்.

இத்தனை முறை ஜெயித்தும் மந்திரி ஆகவே இல்லையே, ஏன்?

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் கூட்டணி வைத்துத் தேர்தலைச் சந்திப்பார்கள். அமைச்சரவையை ஒரே கட்சிதான் அமைக்கும். 2006-இல் தி.மு.க.வுக்கு 96 இடங்களே கிடைத்து, காங்கிரஸின் ஆதரவில் ஆட்சி ஓடியபோதுகூட காங்கிரஸுக்கு அமைச்சர் பதவி இல்லை.

அவருக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு 2016 முதல் 2021 வரை காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவி. 2020 ஜனவரியில் உள்ளாட்சிப் பதவிப் பங்கீட்டில் தி.மு.க. கூட்டணி தர்மத்தை மீறிவிட்டது என்று மாநிலத் தலைவர் கே.எஸ். அழகிரியோடு சேர்ந்து அறிக்கை விட்டுச் சலசலப்பை உண்டாக்கியதும் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான்.

2011-இல் ஏன் தோற்றார்? தொகுதி மாறியதாலா, அலையாலா?

நான் அதிக நேரம் வாதிட்ட கேள்வி இது. முதலில் எண்கள். அ.தி.மு.க.வின் சோழன் சித. பழனிச்சாமி 86,104, ராமசாமி 67,204. வித்தியாசம் 18,900.

அலைதான் காரணம் என்பவர்கள் பக்கம் நிறையச் சான்று இருக்கிறது. அந்த ஆண்டு காங்கிரஸ் 63 இடங்களில் நின்று ஐந்தில் வென்றது. எந்தத் தொகுதியில் யார் நின்றிருந்தாலும் கரை சேர்வது கடினம். ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். எல்லை ஒட்டிய திருப்பத்தூரில் தி.மு.க.வின் பெரியகருப்பன் 83,485 வாக்குப் பெற்று, 81,901 வாங்கிய ராஜ கண்ணப்பனை 1,584 வாக்கில் தள்ளித் தப்பித்தார். கூட்டணிப் பங்கீட்டில் தி.மு.க.வுக்குப் போன திருவாடானையிலும் அந்தக் கட்சியின் சுப. தங்கவேலன் வென்றார். அதாவது, ராமசாமி விட்டுவந்த வீட்டில் கூட்டணி ஜெயித்தது. குடியேறிய வீட்டில் தோற்றது.

பழைய தொகுதியிலேயே நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? மாட்டேன். மறுவரையறைக்குப் பிறகு அது அதே பெயர் கொண்ட வேறு தொகுதி. காரைக்குடியும் அப்படித்தான், காரைக்குடி, தேவகோட்டை என்ற இரண்டு நகரங்களையும் ஒன்றாகக் கட்டிய தொகுதி அது. இருபத்திரண்டு ஆண்டு ஓரிடத்தில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வந்த மனிதர், வேறு ஓர் ஊரின் பாதித் தெருக்களைப் பிரசாரத்தின்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கும். 18,900-இல் அது எத்தனை, அலை எத்தனை என்று பிரித்துச் சொல்லும் தராசு என்னிடம் இல்லை.

பிறகு 2016-இல் அதே காரைக்குடியில் எப்படி ஜெயித்தார்?

ராமசாமி 93,419. அ.தி.மு.க.வின் கற்பகம் இளங்கோ 75,136. வித்தியாசம் 18,283. முந்தைய பதிலின் 18,900-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். எந்த அளவுக்குத் தோற்றாரோ ஏறக்குறைய அதே அளவுக்கு வென்றார். அவருடைய வாக்கு 26,215 கூடியது, அ.தி.மு.க.வின் வாக்கு 10,968 குறைந்தது. அ.தி.மு.க. வேட்பாளரை மாற்றியிருந்தது, இவர் மாறவில்லை. தோற்ற தொகுதியை விட்டு ஓடாமல் அதே இடத்தில் மறுபடி நின்றது ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஐந்து ஆண்டில் தொகுதிக்காரர்களுக்கு முகம் பழகிவிட்டது.

மாநிலம் ஒரு பக்கம் போனபோது இந்த வட்டாரம் இன்னொரு பக்கம் போனதும் உண்மை. திருப்பத்தூரிலும் தி.மு.க.தான். திருமயத்தில் தி.மு.க.வின் ரகுபதி 766 வாக்கில் வென்றார். அன்று இரவு திருமயம் முடிவுக்காக டீக்கடைத் தொலைக்காட்சி முன் நின்ற கூட்டம் காரைக்குடி முடிவைக் கேட்டுக் கலைந்துபோகவே இல்லை.

அந்தக் காலத்தில் சீட்டில் குத்தி ஜெயித்தவர், மெஷின் வந்ததும் தோற்றார் என்று சொல்கிறார்களே?

சொல்பவர்கள் நோட்டைப் பார்க்கவில்லை. 1989, 1991, 1996 ஆகியவை வாக்குச்சீட்டு. 2001 முதல் இயந்திரம். இயந்திரத்தில் நான்கு முறை நின்று மூன்று முறை வென்றிருக்கிறார்.

பக்கத்துத் திருப்பத்தூரில் பெரியகருப்பன் ஒரே தொகுதியில் ஒரே சின்னத்தில் நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தாரே. அவர் சாதனைதானே பெரிது?

2006, 2011, 2016, 2021. ஆம், நான்கும் தொடர்ச்சி, நான்கும் உதயசூரியன். 2006-இல் அப்போதைய எம்.எல்.ஏ. உமாதேவனைத் தோற்கடித்தார். 2011-இன் 1,584-ஐ மேலே பார்த்தோம். 2016-இல் 1,10,719-க்கு 68,715, வித்தியாசம் 42,004. 2021-இல் 1,03,682-க்கு 66,308, வித்தியாசம் 37,374. இரண்டு முறை அமைச்சரும் ஆனார். (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரோடு இதைக் குழப்பிக்கொண்டு இணையத்தில் தேடுகிறவர்கள் தொகுதி எண்ணைப் பாருங்கள்: நம்முடையது 185, அது 50.)

தொடர்ச்சி என்று பார்த்தால் ராமசாமியிடம் ஐந்து இருக்கிறது. 2011-ஐப் போன்ற ஆண்டில் தாக்குப்பிடித்ததைப் பார்த்தால் பெரியகருப்பன். என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால், 1991-இல் திருப்பத்தூரிலேயே வென்று அமைச்சராக இருந்த ராஜ கண்ணப்பனை எதிர்த்து, சொந்தக் கட்சி ஆட்சியை இழந்த ஆண்டில் எடுத்த 1,584 எனக்கு அந்த 42,004-ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது. வித்தியாசம் சிறிதென்றால் வெற்றியும் சிறிது என்று நினைப்பவர்கள் அடுத்த பதிலையும் படிக்கவும்.

2021-இல் காரைக்குடியில் காங்கிரஸின் மாங்குடி 21,589 வித்தியாசத்தில் ஜெயித்தார். ராமசாமி 18,283 தான். அப்படியானால் மாங்குடிக்குத்தானே செல்வாக்கு அதிகம்?

வித்தியாசம் கூடியது சரி. வாங்கிய வாக்கு? ராமசாமி 93,419, மாங்குடி 75,954. ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே தொகுதி. 17,465 வாக்கு குறைவாக வாங்கியவர் அதிக வித்தியாசத்தில் வெல்கிறார். காரணம் எதிரணி. 2021-இல் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் எச். ராஜா 54,365 வாக்கும், அ.ம.மு.க.வின் தேர்போகி பாண்டி 44,864 வாக்கும் பெற்றார்கள்.

இரண்டையும் கூட்டினால் 99,229 வருகிறதே, சேர்ந்திருந்தால் ராஜா ஜெயித்திருப்பாரே என்று உடனே ஒரு கேள்வி வரும். கூட்டல் சரி, முடிவு சரியில்லை. தாமரைக்குப் போட மனமில்லாமல் அ.ம.மு.க.வின் குக்கருக்குப் போனவர்களும் அந்த 44,864-இல் இருப்பார்கள். மாங்குடிக்குக் குறைவான செல்வாக்கு என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது. அவர் நின்ற களம் வேறு. வித்தியாசம் என்ற எண்ணில் பாதி எதிராளியின் கதை.

எச். ராஜா காரைக்குடியில் ஜெயித்ததே இல்லை என்று என் மச்சான் பந்தயம் கட்டுகிறார். சரியா?

மச்சானிடம் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 2001-இல் தி.மு.க. கூட்டணியில் நின்று 54,093 வாக்குப் பெற்றார், த.மா.கா.வின் எஸ்.பி. உடையப்பன் 52,442. முன்பு சொன்ன 1,651 இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2001-இல் 54,093, இருபது ஆண்டு கழித்து 54,365. வெறும் 272 வாக்கு அதிகம். முதலாவது அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. இரண்டாவது இருபதாயிரத்துக்கு மேல் பின்தங்க வைத்தது. நடுவில் தொகுதியின் எல்லை மாறியது, வாக்காளர் பெருகினர், கூட்டணி தலைகீழாகிவிட்டது.

ராமசாமிக்கு எந்தச் சாதி ஓட்டு விழுந்தது? அதைச் சொல்லாமல் எல்லாம் சொல்கிறீர்களே.

எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று தேர்தல் ஆணையத்தின் படிவம் 20 சொல்லும். போட்டவரின் சாதியை எந்தப் படிவமும் சொல்லாது. தெருவை வைத்து ஊகிக்கிறவர்கள் ஊகிக்கட்டும். எண்ணி முடித்த அறையில் இருந்தவன் என்ற முறையில், ஊகித்தவர்கள் அதிகாலையில் திருதிருவென்று விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எண்களை நாங்களே சரிபார்க்க முடியுமா? சொத்து விவரமும் கிடைக்குமா?

முடியும். ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் தேர்தல் ஆணையம் புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. தொகுதிவாரியாக எல்லா வேட்பாளரின் வாக்கும் அதில் இருக்கும். சாவடிவாரியாக வேண்டுமென்றால் மேலே சொன்ன படிவம் 20.

சொத்து, வழக்கு, கல்வி விவரம் தரும் பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2003-இல் கட்டாயமானது. ஆகவே இவருடைய 2006, 2011, 2016 மனுக்களோடுதான் அதைத் தேட வேண்டும். 1989-இல் என்ன சொத்து இருந்தது என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

அப்பாவும் மகனும் ஒரே சட்டசபையில் உட்கார்ந்தார்கள் என்கிறார்களே?

இல்லை. 2021-இல் திருவாடானையில் காங்கிரஸ் சார்பில் 79,364 வாக்குப் பெற்று 13,852 வித்தியாசத்தில் வென்ற ராம. கருமாணிக்கம் இவருடைய மகன். தந்தையின் தவணை முடிந்த இடத்தில் மகனுடையது தொடங்கியது. ஒரு நாள்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு குடும்பம் பழைய தொகுதிக்குத் திரும்பியது என்பதுதான் சரி.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் தாத்தா. ராமசாமியின் தந்தை கரிய மாணிக்கம் அம்பலம் 1960-களில் சுதந்திராக் கட்சியின் சார்பில் இதே திருவாடானையின் உறுப்பினராக இருந்தவர். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். பழைய ஆவணத்தில் கரிய மாணிக்கத்தையும் புதிய ஆவணத்தில் கருமாணிக்கத்தையும் பார்த்து, ஒரே மனிதர் அறுபது வருஷமாக எம்.எல்.ஏ. என்று வியந்த ஒரு கல்லூரி மாணவனை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. காரைக்குடியில் அவருக்கு ஒரு தோல்வி, ஒரு வெற்றி. ஐந்தொகை போட்டால் லாபமா நஷ்டமா?

கேட்டவர் பர்மாக் கணக்குப் பெட்டியைப் பார்த்து வளர்ந்த நகரத்தார் வீட்டுப் பெரியவர். அவருக்காக உட்கார்ந்து போட்டேன். இரண்டு தேர்தலிலும் சேர்த்து ராமசாமிக்கு விழுந்தவை 67,204-உம் 93,419-உம், ஆக 1,60,623. அவரை எதிர்த்த அ.தி.மு.க.வுக்கு 86,104-உம் 75,136-உம், ஆக 1,61,240. பற்று வரவு நேர் செய்தால் 617 வாக்கு நஷ்டம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஐந்து வருஷ எம்.எல்.ஏ. பதவியை 617 வாக்குக் கடனில் நடத்தியிருக்கிறார், வட்டி போடாதீர்கள்" என்றார்.